பார்லோவில் ஒரு புள்ளி

பிப்ரவரி 3, திங்கள்

காலை ஆறு மணிக்கு டூட்டி முடிந்தது. தூத்துக்குடியிலிருந்து நிலக்கரி ஏற்றி வந்த வண்டி. வழியில் மூன்று இடங்களில் ஓரம் கட்டி, எல்லா எக்ஸ்பிரஸும் போன பிறகுதான் எங்களை விட்டார்கள். கூட்ஸ் ஓட்டுகிறவனுக்கு இது புதிதில்லை. வந்து படுத்து, இரண்டு மணிக்கு எழுந்து, யூனிஃபார்ம் துவைத்து, கத்தரிக்காய் போட்டு ஒரு குழம்பு வைத்தேன். உப்பு கூடிவிட்டது. சாப்பிடப்போவது நான் ஒருவன்தான், யாரிடம் போய்ப் புகார் சொல்ல?

சாயந்திரம் ஏழு மணிக்கு டெலஸ்கோப்பைக் குவார்ட்டர்ஸ் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மேற்கே நல்ல பிறை. முதலில் குழாய், அதன் பின்னால் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் டயகனல், டயகனலில் பார்லோ, பார்லோவில் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை. பார்லோ ஒன்றும் பெரிய மர்மமில்லை. ஐபீஸுக்கு முன்னால் செருகினால் உருவத்தை இரண்டு மடங்காக்கிக் காட்டும் வில்லை, அவ்வளவுதான். என் 10 மி.மீ. ஐபீஸ் தனியாக 90 மடங்கு காட்டும், பார்லோவோடு 180. வெளிச்சம் கூசினால் நிலா ஃபில்டரைப் பார்லோவின் அடியில் திருகிக்கொள்வேன். ஐபீஸின் அடியில் திருகினால், ஒவ்வொரு ஐபீஸ் மாற்றும்போதும் கழற்றி மாட்ட வேண்டியிருக்கும். அந்த வேலையெல்லாம் நமக்கு ஆகாது.

இன்றைக்கு உருவத்தின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி. ஃபில்டரில் கை பட்டிருக்கும். நாளைக்குத் துடைக்க வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலை ஷிஃப்ட். தூத்துக்குடிக்குக் காலிப் பெட்டிகள்.

என்னோடு மூன்று மாதமாக உதவி லோகோ பைலட்டாக வருகிறவள் ஜெபராணி. நாசரேத் பக்கத்துப் பெண், முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள். வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம். எஞ்சினில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிக்னலை யார் முதலில் பார்க்கிறாரோ அவர் கையை நீட்டி, அதன் நிறத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். கிளிப்பிள்ளை மாதிரி இருக்கிறதே என்று வெளியாள் சிரிப்பார். இரண்டு பேரும் ஒரே பொய்யைப் பார்க்கமாட்டார்கள் என்பதுதான் அதிலுள்ள நம்பிக்கை.

இருபத்தேழு வருஷத்தில் சிக்னல் சொல்வதில் எந்த உதவியாளரும் என்னை முந்தியதில்லை. அது எனக்கு ஒரு கர்வம். இன்று ஜெபராணி நான்கு தடவை முந்திவிட்டாள். பனிமூட்டமாக இருந்தது. அவள் பக்கத்துக் கண்ணாடி சுத்தமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 5, புதன்

அரை நிலா. ஃபில்டரைத் துடைத்து மாட்டினேன். புள்ளி அப்படியே இருக்கிறது. ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் இருக்கிறது. ஆகவே ஃபில்டர் இல்லை.

10 மி.மீ. ஐபீஸை எடுத்துவிட்டு 25 மி.மீ. போட்டேன். இருக்கிறது. ஆகவே ஐபீஸ் இல்லை. இரண்டுக்கும் பொதுவானது பார்லோ. பார்லோவை எடுத்துவிட்டு வெறும் 25-ஐ மாட்டிப் பார்த்திருக்கலாம், அதற்குள் மேகம் வந்துவிட்டது.

மேகம் என்று எழுதினேன். நான்கைந்து துண்டுகள்தான், பத்து நிமிஷத்தில் போயிருக்கும். கீழே இறங்கிவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. ரெகுலேட்டர் சரியாக உட்காரவில்லை, கொண்டுவந்த பையன் வாஷரை மாற்றிக் கொடுத்தான்.

பிப்ரவரி 8, சனி

புத்தி கெட்ட வேலை ஒன்று செய்தேன். துடைத்த ஃபில்டரைத் திரும்ப மாட்டும்போது பார்லோவில் இறுக்கித் திருகிவிட்டேன் போலிருக்கிறது, கழலவே இல்லை. ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். அழுத்திப் பிடித்தால் வளையம் நசுங்கி இன்னும் இறுகும் என்று தெரியும், இருந்தாலும் அழுத்தினேன். கடைசியில் காய்கறிக்காரர் கீரைக்கட்டில் போட்டுக் கொடுக்கும் ரப்பர் பேண்டை ஃபில்டரைச் சுற்றிப் போட்டு, விரல் நுனியால் லேசாகத் திருப்பினேன். வந்துவிட்டது.

பார்லோவின் வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வலது பக்கம் ஒரு மங்கல் இருக்கிற மாதிரி இருந்தது. அதுதான், அதுவேதான்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் என் மனைவி சுகந்தி போன் செய்வாள். மன்னார்குடிப் பக்கம் அரசு மேல்நிலைப்பள்ளியில் ஹெட்மிஸ்ட்ரஸ். பதவி உயர்வில் போய் இரண்டு வருஷமாகிறது. எங்களுக்குள் சண்டை ஒன்றும் கிடையாது. போகட்டுமா என்று கேட்டாள், உன் இஷ்டம் என்றேன். போக வேண்டாம் என்றோ, நானும் மாற்றல் கேட்கிறேன் என்றோ நான் சொல்லுவேன் என்று அவள் எதிர்பார்த்தாளாம். அதை அவள் போய் ஆறு மாதம் கழித்து, வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில் சொன்னாள். அவள் போன அடுத்த வாரம்தான் இந்த டெலஸ்கோப்பை வாங்கினேன்.

"கேஸ் வந்துச்சா?"

"வந்துருச்சு."

"பிரஷர் மாத்திரை?"

"போட்டுட்டேன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

மூன்று நிமிஷம் நாற்பது விநாடி. போன வாரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.

பிறகு வானம் பார்க்கிறவர்களின் வாட்ஸப் குழுவில் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். கோயம்புத்தூர் வரதராஜுலு உடனே பதில் போட்டார். டெலஸ்கோப் விஷயத்தில் அவரை யாரும் அசைக்க முடியாது. பார்லோவில் இருக்கும் தூசியோ மங்கலோ புள்ளியாகத் தெரியாது, அது ஃபோகஸில் விழாத இடம் என்றார். ஐபீஸை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள், புள்ளியும் சுழன்றால் அழுக்கு ஐபீஸில். அடுத்து டயகனலைத் திருப்புங்கள், அதோடு புள்ளி நகர்ந்தால் அழுக்கு அங்கே. இரண்டுக்கும் நகராவிட்டால், "அண்ணா, அந்தக் கண்ண மூடிட்டு அடுத்த கண்ணுல பாருங்க."

எனக்கு வலது கண்தான் பழக்கம் என்று எழுதி, ஒரு கும்பிடு போட்டு முடித்துக்கொண்டேன்.

பிப்ரவரி 10, திங்கள்

புதுப் பார்லோ ஒன்று ஆர்டர் செய்துவிட்டேன். வரதராஜுலு ஆயிரம் சொல்லட்டும், என் பார்லோ பழசு.

பிப்ரவரி 12, புதன்

மதிய டூட்டி. ஜெபராணி இப்போதெல்லாம் எல்லா சிக்னலையும் முதலில் சொல்கிறாள். நான் திருப்பிச் சொல்கிறேன். நல்ல முன்னேற்றம், நாளைக்குத் தனியாக வண்டி ஓட்டப்போகிறவள் இப்படித்தான் இருக்க வேண்டும். பாராட்டினேன்.

"நீங்கதான் சார் இப்பல்லாம் எனக்கு விட்டுக் குடுக்கீங்க," என்றாள்.

சிரித்தேன்.

பிப்ரவரி 17, திங்கள்

பார்லோ வந்தது. கறுப்புப் பஞ்சில் பொதிந்து, புது வாசனையோடு. அதைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டேன் என்று எழுதுவதில் வெட்கமில்லை.

இருட்டியதும் வியாழன் கிரகத்தைப் பிடித்தேன். தலைக்கு மேலே ஜம்மென்று நின்றது. புதுப் பார்லோ, நன்றாகத் துடைத்த 10 மி.மீ., ஃபில்டர் இல்லை. வியாழனின் நான்கு நிலாக்களும் ஒரு கோட்டில் ஊசி முனைகளாகத் தெரிந்தன. வியாழனை மட்டும் காணோம். சாம்பல் பூசின ஏதோ ஒன்று இருந்தது. பார்வையைக் கொஞ்சம் தள்ளி, ஓரத்து நிலாவைப் பார்த்தேன். உடனே வியாழன் பட்டையும் கோடுமாகப் பளிச்சென்று நின்றது, இப்போது அந்த நிலாவைக் காணோம். திரும்ப நேரே பார்த்தால் வியாழன் இல்லை.

ஐபீஸைச் சுழற்றினேன். புள்ளி சுழலவில்லை. டயகனலைத் திருப்பினேன். நகரவில்லை. நான் எங்கே பார்க்கிறேனோ அங்கே வருகிறது.

புதுப் பார்லோவிலும் உற்பத்திக் கோளாறு இருக்கலாம்.

பிப்ரவரி 19, புதன்

டூட்டிக்குக் கையெழுத்துப் போடும் லாபியில் கடிதம் கொடுத்தார்கள். மார்ச் 18 எனக்கு மெடிக்கல். எஞ்சினில் ஏறுகிறவனுக்குக் கண்ணில் சலுகை கிடையாது, இரண்டு கண்ணையும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். இடது கண் சின்ன வயதிலிருந்தே கொஞ்சம் சோம்பேறி, கண்ணாடி போட்டால் தனியாகத் தேறிவிடும், இரண்டும் திறந்திருந்தால் வலதின் பார்வைதான் நிற்கும். வலது கண்தான் என் முதல். தேறாவிட்டால் எஞ்சினிலிருந்து இறக்கி, ஏதாவது ஆபீஸில் ரிஜிஸ்தர் எழுத உட்கார வைப்பார்கள். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. வீட்டில் எனக்கென்று ஒரு ஆள் இல்லை. வண்டி ஓட்டும்போது மட்டும்தான் நான் யாருக்கோ வேண்டியவன்.

இன்னும் நான்கு வாரம் இருக்கிறது.

பிப்ரவரி 22, சனி

படுக்கையறை ஜன்னல் கம்பி இரண்டு வளைந்திருக்கிறது என்று போன வாரம் ஒர்க்ஸ் ஆபீஸில் புகார் எழுதிவைத்திருந்தேன். இன்றைக்கு ஆள் வந்தார். பெயர் சந்தனகுமார், பையில் சுத்தியல், ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் இருந்தது.

"எந்தக் கம்பி சார்?"

"அதோ, நடுவுல ரெண்டும்."

ஜன்னலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்த்தார். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"நேராத்தான சார் இருக்கு?"

"நல்லாப் பாருங்க. வயிறு தள்ளின மாதிரி இருக்குல்ல?"

அவர் கம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். பிறகு, வந்ததற்கு ஒரு மரியாதையாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "இப்ப சரியாயிருச்சு சார்," என்றார். ரிஜிஸ்தரில் 'சரிசெய்யப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டீ கொடுத்திருக்கலாம், தோன்றவில்லை.

கம்பி இன்னும் வளைந்துதான் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

சுகந்தி பேசினாள். பிளஸ் டூ பரீட்சை தொடங்கப்போகிறது, அவள் பள்ளிதான் மையம். மெடிக்கல் எப்போது என்று கேட்டாள், எப்படியோ ஞாபகம் வைத்திருக்கிறாள். சொன்னேன். "கண்ணுக்கு ஒண்ணும் இல்லைல்ல?" என்றாள். இது அவள் எப்போதும் கேட்பதுதான். ஒன்றுமில்லை என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

கண் டாக்டரிடம் சுவரில் தொங்கும் எழுத்து அட்டையைப் பிரிண்ட் எடுத்து, சமையலறைச் சுவரில் ஒட்டினேன். ஆறு மீட்டர் அளந்து கூடத்துக் கோடியில் ஸ்டூல் போட்டேன். சும்மா ஒரு பயிற்சிக்கு. இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை, கீழிருந்து மேல்வரை வாசித்தேன். சாயந்திரத்துக்குள் ஒரு பிழையில்லாமல் வந்துவிட்டது.

விளக்கை அணைத்துவிட்டும் சொல்லிப் பார்த்தேன். அப்போதும் பிழையில்லை.

மார்ச் 2, ஞாயிறு

நான்கு நிமிஷம் பேசினோம். மழை வரும் போலிருந்தது, வரவில்லை.

மார்ச் 5, புதன்

சாயந்திரம் டெலஸ்கோப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஜெபராணியும் அவள் கணவரும் வந்தார்கள். நாசரேத்தில் வீடு கட்டி முடித்திருக்கிறார்கள், வீடு பிரதிஷ்டைக்கு அழைப்பு. கணவர் பெயர் சாமுவேல்துரை, கூட்டுறவு வங்கியில் இருக்கிறார், அதிகம் பேசாதவர். பிஸ்கட்டும் காப்பியும் கொடுத்தேன். சீனி போட மறந்துவிட்டேன், இரண்டு பேரும் வாய் திறக்காமல் குடித்துவிட்டார்கள். நான் குடித்தபோதுதான் தெரிந்தது.

"மாடியில என்ன சார் பீரங்கி மாதிரி?" என்றாள். நிலா பார்க்கலாம் வா என்றேன். இந்த இரண்டு வருஷத்தில் இந்த டெலஸ்கோப்பில் இன்னொருவர் கண் வைத்தது இன்றைக்குத்தான்.

பழைய பார்லோ, 10 மி.மீ., அடியில் ஃபில்டர். முதலில் நான் பார்த்தேன், புள்ளி இருந்தது. எதையும் தொடாமல் நகர்ந்துகொண்டேன். அவள் குனிந்து பார்த்ததும், "ஏசப்பா!" என்றாள். "என்ன சார் இது, குழி குழியா! கண்ணாடியத் தொடச்சு வச்ச மாதிரி சுத்தமா இருக்கு."

"நடுவுல?"

"நடுவுலயும் குழிதான் சார். பெரிசா ஒண்ணு, அதுக்குள்ள மேடு ஒண்ணு."

"நடுவுல மங்கலா, சாம்பலா ஒண்ணும் இல்லையா?"

"இல்லையே."

"இன்னொரு தடவை நல்லாப் பாரும்மா. நட்டநடுவுல."

அவள் கண்ணை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கணவரைக் கூப்பிட்டு, "நீங்களும் பாருங்க," என்றாள். அவரும் சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னார்.

போகும்போது படியில் நின்று, "வெள்ளிக்கிழம நம்ம ரெண்டு பேரும்தான சார் டூட்டி?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 6, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 7, வெள்ளி

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்பினோம். காலி ரேக், ஐம்பத்தெட்டுப் பெட்டி. வெயில் நன்றாக அடித்தது, பனி என்றோ மழை என்றோ சொல்லிக்கொள்ள இடமில்லை. முதல் மூன்று சிக்னலையும் ஜெபராணிதான் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன்.

கரிசல்பட்டிக்கு முன்னால் லைன் நேராக இருக்கும். ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஹோம் சிக்னல் நெடுந்தூரத்திலிருந்தே தெரிய வேண்டும். அவள் சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சிக்னல் கம்பம் தெரிந்தது, கம்பத்தின் மேலே இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். பார்வையைத் தள்ளிப் பார்த்தேன். ஏதோ வெளிச்சம், என்ன நிறமென்று சொல்ல முடியவில்லை. மஞ்சளா? பச்சையா? ஜெபராணியின் பக்கம் திரும்பினேன். அவள் நேரே பார்த்துக்கொண்டு நின்றாள். வாய் மூடியிருந்தது. வலது கை எமர்ஜென்சி பிரேக்கின் மேல் இருந்தது.

அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகம். ஒரு விநாடி பச்சை என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பெரும்பாலும் பச்சையாகத்தான் இருக்கும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இருபத்தேழு வருஷத்தில் பார்க்காத சிக்னலை நான் சொன்னதில்லை. இந்த ஒரு மாதமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று அந்த இடத்தில்தான் உறைத்தது. பிரேக் போட்டேன். ஐம்பத்தெட்டுப் பெட்டியும் பின்னால் முட்டிக்கொண்டு வந்து, சிக்னலுக்கு வெகுதூரம் முன்னாலேயே நின்றன.

"என்ன சிக்னல் சார்?" என்றாள்.

"தெரியல."

"பச்ச சார். முதல்ல இருந்தே பச்சதான்." பிரேக்கிலிருந்து கையை எடுத்தாள். "வேணும்னுதான் சொல்லாம நின்னேன். செவப்பாவோ மஞ்சளாவோ இருந்தா அப்பவே கத்தியிருப்பேன், கையைப் பிரேக்குல வச்சுட்டுத்தான் நின்னேன். நடுவுல இருக்கா, நடுவுல இருக்கான்னு மூணு வாட்டி கேட்டீங்களே சார், அன்னைக்கு வீட்டுக்குப் போயி ஒரு பொட்டு உறங்கல. ஒரு மாசமா நான் சொன்னதத்தான நீங்க திருப்பிச் சொல்லுதீங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு சார்."

எனக்கு அவள் மீது கோபம் வந்தது. பரீட்சை வைப்பதற்கு இவள் யார் என்று தோன்றியது. அதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் எழுதுவதற்கே அர்த்தமில்லை. கோபம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அப்புறம் வந்த வெட்கம்தான் இன்னும் போகவில்லை.

பின்னால் பிரேக் வேனிலிருந்து கார்டு வாக்கிடாக்கியில் கூப்பிட்டார். "சிகாமணி சார், ஏன் நின்னுட்டீங்க? ஸ்டேஷன்ல பச்சை குடுத்திருக்கோம்னு சொல்றாங்களே?"

ஜெபராணி என் கையைப் பிடித்தாள். "மாடு குறுக்க வந்துச்சுன்னு சொல்லிருங்க சார். யாரும் கேக்கமாட்டாங்க. கரிசல்பட்டி வரைக்கும் நான் பாத்துச் சொல்லுதேன், மெதுவா கொண்டு போயிருவோம். அங்க எறங்கி, ஒடம்பு சரியில்லன்னு எழுதிக் குடுத்துருங்க. ரேடியோவுல சொன்னா ஊரே கேக்கும்."

நல்ல மனசில்தான் சொன்னாள். மாடு என்று சொன்னால் மெடிக்கல் வரை பத்து நாள் கிடைக்கும். அட்டை மனப்பாடமாக இருக்கிறது. பத்து நாளில் சரியாகிவிடவும் கூடும். இவ்வளவையும் பட்டனை அழுத்துவதற்குள் நினைத்துவிட்டேன்.

"லோகோ பைலட் சிகாமணி பேசுறேன். எனக்குக் கண்ணு சரியில்ல. சிக்னல் தெரியல. வண்டியை என்னால எடுக்க முடியாது, வேற ஆள் அனுப்புங்க."

பிறகு கார்டு, "சரி சார்," என்றார். அவர் என்னோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர். அந்த 'சரி சார்' வேறு மாதிரி இருந்தது.

மாற்று ஆள் வர இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. எங்களுக்குப் பின்னால் ஒரு பாசஞ்சர் வண்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜெபராணி டிபன் பாக்ஸைத் திறந்து, மூடியில் பாதிச் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்து நீட்டினாள். "ஒங்க பொழப்பக் கெடுத்துட்டேனா சார்?" என்று கேட்டாள். இல்லம்மா என்றேன். வேறென்ன சொல்லியிருக்க வேண்டுமோ அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. சோற்றைச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது.

மார்ச் 8, சனி

சாயந்திரம் மாடிக்குப் போனேன். வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணை ஐபீஸில் ஒட்ட முடியவில்லை, கழற்றிவிட்டு ஃபோகஸ் வைத்தேன். புள்ளி இல்லை.

பழைய பார்லோ, புதுப் பார்லோ, இரண்டு ஐபீஸ், ஃபில்டர் எல்லாவற்றையும் துடைத்து, மூடி போட்டுப் பெட்டியில் வைத்தேன். அவற்றில் ஒன்றிலும் ஒரு குற்றமும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

சுகந்தி கூப்பிட்டபோது குளித்துக்கொண்டிருந்தேன். குளிக்கவில்லை. போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 10, திங்கள்

எழுத்து பெரிதாகவும் கோணலாகவும் வருகிறது. கண்ணில் மருந்து விட்டிருக்கிறார்கள், இன்னும் முழுக்கத் தெளியவில்லை.

காலை எட்டு மணிக்குக் கண் ஆஸ்பத்திரி. மருந்து விடுவதற்கு முன்னால் நர்ஸ், "கூட யார் வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "கிட்டத்துல இருக்கிறதுகூடத் தெரியாது சார், நாலஞ்சு மணி நேரம் ஆகும். யாரையாவது வரச் சொல்லுங்களேன்." போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். ஜெபராணி இன்றைக்கு வேறொருவரோடு டூட்டியில் இருப்பாள். கார்டைக் கூப்பிட வெட்கமாக இருந்தது. எழுபது எண்பது பெயர் இருந்தது, எல்லாம் லாபி, கண்ட்ரோல், கேஸ், பால். போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, "பரவால்ல, விடுங்க, நான் உக்காந்திருக்கேன்," என்றேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதாம், நட்டநடுவில். ராத்தூக்கம் இல்லாதவர்களுக்கும், எதையும் மனசிலேயே வைத்துக்கொள்கிறவர்களுக்கும் வரக்கூடியதாம். "வீட்ல ஏதாச்சும் டென்ஷனா?" என்று கேட்டார். வீட்டில் யாருமே இல்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். மூன்று நான்கு மாதத்தில் தானாகவே வற்றிவிடலாம், வற்றினாலும் கறை நிற்கலாம். எஞ்சினில் திரும்ப ஏற முடியுமா என்றால் இப்போது சொல்ல முடியாது என்றார். முதல் நாளே வந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்குமா என்று கேட்டேன். அவர் அடுத்த தேதி எழுதிக் கொடுத்தார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவர்கள் எல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கரைந்து தெரிந்தார்கள். ஒவ்வொருவரையும் யாராவது கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்கள். மூன்று மணிக்கு வராண்டாவைக் கழுவிவிட வந்த அம்மா, "காலத் தூக்கிக்கோங்கய்யா," என்றார். தூக்கிக்கொண்டேன். அழுகை வந்தது. மருந்தில் கண் ஏற்கனவே கலங்கியிருந்தது, யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

ஏழு மணிக்கு வீட்டிலிருந்து சுகந்திக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"என்ன ஆச்சு? நேத்து எடுக்கல, இன்னிக்குத் திங்கக்கிழம கூப்பிடுறீங்க. என்ன ஆச்சு?"

சொன்னேன். பிப்ரவரி மூன்றிலிருந்து சொன்னேன். ஃபில்டர், பார்லோ, ஜன்னல் கம்பி, சுவரில் ஒட்டின அட்டை, கரிசல்பட்டி. இந்த நோட்டில் எழுதினதையும் எழுதாமல் விட்டதையும் சொன்னேன்.

"ஒரு மாசமா கண்ணு தெரியாம ரயில் ஓட்டியிருக்கீங்க," என்றாள் கடைசியில். "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான் கேட்டேனே. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னீங்களே."

"ஆமா."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலியா?"

"பயமா இருந்துச்சு சுகந்தி. இப்பவும் பயமா இருக்கு."

இந்த நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் அந்த வார்த்தை ஒரு இடத்திலும் இருக்காது. அவளிடமும் நான் அதைச் சொன்னதில்லை, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நீ வரியா?" என்று கேட்டேன்.

"இருபத்தஞ்சாம் தேதி வரைக்கும் என்னால நகர முடியாது. பரீட்சை நடக்குது, கேள்வித்தாள் அறைச் சாவி என்கிட்ட இருக்கு," என்றாள். "நீங்க வாங்க. நாளைக்கே வாங்க."

வருகிறேன் என்றேன். எந்த வண்டி, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. கூட்ஸுக்கு நேரம் கிடையாது, பயணியாக நான் ரயிலேறி எத்தனையோ வருஷமாகிவிட்டது. போனில் பார்க்கலாமென்றால் எழுத்துகள் எல்லாம் ஒன்றாகக் கலங்கின.

"இரு, பாத்துட்டுச் சொல்றேன்," என்றேன்.

"நீங்க பாக்க வேணாம்," என்றாள். "நான் பாத்துச் சொல்றேன்."